அன்னசித்தரும் மூன்று மூடிய டப்பாக்களும்

இந்த மாத்திரை அட்டையை அந்த அண்டாவில் போட்டால், பிள்ளையைத் தூக்கக்கூட மனமில்லாமல் சுவரைப் பார்த்துக் கிடந்த அந்த நாட்களுக்கே நான் திரும்பிப் போய்விடுவேன். இத்தனை பேர் கைதட்டும் இடத்தில் அதை எப்படிச் சொல்வது?

சிந்துஜா கைப்பைக்குள் மாத்திரை அட்டையைப் பிடித்தபடி வரிசையில் நகர்ந்தாள்.

செங்கம் சாலையில், அன்னசித்தர் சக்கரபாணியின் கூடத்தில் பௌர்ணமிக் கூட்டம். கிரிவலம் முடித்த கால்கள் வலியோடு வந்து அங்கே நின்றன. மனக்கவலை முழுவதும் வயிற்றில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர். முட்டை தின்றால் அழுகை. வெங்காயம் தின்றால் சந்தேகம். புருஷன் அடித்தால்? அதற்குக் கத்தரிக்காய் காரணம். அவன் தின்றதல்ல, அவள் தின்றது.

சோதனை எளிது. இடது கையில் உணவைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்ட வேண்டும். சித்தர் இரண்டு விரலால் அழுத்துவார். கை விழுந்தால் அது துக்க உணவு. அவர் விற்கும் சித்தசுத்திப் பொடிக்கு மட்டும் எந்தக் கையும் விழுந்ததில்லை. பொடி வாங்கியவர்கள் தங்கள் மாத்திரைகளை வாசலில் இருந்த பித்தளை அண்டாவில் போட்டுவிட்டுப் போக வேண்டும். அண்டா பாதி நிறைந்திருந்தது. எத்தனை வீட்டுத் தூக்கமோ!

மாமியார் ஜோதியம்மாள் காதோரம் சொன்னாள்: "போட்டுடு சிந்து. டாக்டரு மாத்திரைல சூடு ஜாஸ்தி."

டாக்டரும் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியிருந்தார். வேளைக்குச் சாப்பிட வேண்டும், மாத்திரையையும் விடக் கூடாது. அதில் அண்டாவும் இல்லை, கைதட்டலும் இல்லை. ஜோதியம்மாளுக்கு எப்படி நம்பிக்கை வரும்?

முறை வந்தது. சிந்துஜா மூன்று எவர்சில்வர் டப்பாக்களை மேசையில் வைத்தாள். எல்லாம் ஒரே அளவு, இறுக மூடியவை. எதில் எது என்று அவளுக்கே தெரியாது. வரும் வழியில் ஆட்டோக்காரர் கவுஸ் பாஷாவிடம் பொருட்களோடு கொடுத்து, தனக்குக் காட்டாமல் நிரப்பச் சொல்லியிருந்தாள்.

"தொறந்து வைம்மா," என்றார் சித்தர்.

"மூடியே இருக்கட்டும் சாமி. கண்ணு ஏமாத்தும், உடம்பு ஏமாத்தாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா, ஆமா!" என்றது கூட்டம். பக்தியே அவரை மாட்டிவிட்டது.

முதல் டப்பா. அழுத்தினார். கை நின்றது. "உத்தமம்!" இரண்டாவது. நின்றது. "இதுவும் உத்தமம்!" மூன்றாவதில் கை பொத்தென்று விழுந்தது. "பாத்தீங்களா? துக்கத்தோட வேரு இதுலதான் இருக்குது!"

சிந்துஜா ஒவ்வொன்றாகத் திறந்தாள். அவித்த முட்டை. நறுக்கிய வெங்காயம். மூன்றாவதில், சித்தர் படம் போட்ட பொட்டலத்தோடு சித்தசுத்திப் பொடி.

"அப்போ முட்டைய பாக்கெட் போட்டு வித்துடுங்க சாமி!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இவ மனசுல சந்தேகம் வச்சிருக்கா. அதான் கை பொய் சொல்லுது!" என்றார் சித்தர்.

"கை பொய் சொல்லுமா? அத நம்பித்தானே நாங்க ஆறு மாசமா வெங்காயம் இல்லாம சாம்பார் வைக்கிறோம்?" என்றாள் ஒருத்தி.

கூடம் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர், சிரித்துக்கொண்டே வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தார்கள். வயிற்றுக்கு மூன்று வேளை போடுகிறவர்கள், அறிவுக்கு ஒரு வேளையாவது போடக் கூடாதா?

ஜோதியம்மாள் மருமகளை அண்டாவின் பக்கம் இழுத்தாள். "பொடி வேணாம், வுடு. வந்தது வந்துட்டோம், மாத்திரைய மட்டுமாவது போட்டுடு. சாமி குத்தம் ஆயிடும்."

"இல்லீங்கத்தை," என்றாள் சிந்துஜா. குரல் உயரவில்லை. "ராத்திரிக்கு அது வேணும்."