பிள்ளையார் முதுகில் ஒரு வெப்சைட்

விருத்தாசலத்தில் 'மூணு டபுள்யூ'வால் ஒருமுறைகூடத் தலைகுனியாத ஆள் யாராவது இருந்தால், அவர் அந்தச் சமயம் வெளியூருக்குப் போயிருந்தவராகத்தான் இருக்க வேண்டும். நான் ஊரிலேயே இருந்தவள். போதாத குறைக்கு அவர் பக்கத்திலேயே நின்றவள். என் கழுத்து இன்றைக்கும் நேராக நிற்கிறதே, அதுவே பெரிய விஷயம்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்தது. யாருக்கும் தெரியாது. பீங்கான் யூனிட் ஒன்றில் சூளை சூப்பர்வைசர். எந்த நேரமும் ஒரு வெப்சைட் முகவரியைச் சொல்லிக்கொண்டிருப்பார். சுருக்கிச் சொல்லவே மாட்டார். "டபுள்யூ..." என்று ஒரு மூச்சு விடுவார். "டபுள்யூ..." என்று இன்னொரு மூச்சு. மூன்றாவது வருவதற்குள் எதிரில் இருப்பவர் பஸ் ஏறிப் போயிருப்பார். ரேஷன் கடை க்யூவில் சொல்வார், கல்யாணப் பந்தியில் சொல்வார். ஒரு எழவு வீட்டில் மாலை போட்டுவிட்டுத் திரும்பியவர், துக்கத்தில் இருந்த பிள்ளையிடம் "எழுதிக்கிட்டியாப்பா?" என்று கேட்டதை நானே பார்த்தேன். அப்புறம் ஊர் அவருக்கு வேறு என்ன பெயர் வைக்கும்?

விஷயம் என்னவோ நல்ல விஷயம்தான். பார்வை இல்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் ஒரு மென்பொருள். உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் கூடி எழுதியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அதைத் தமிழ் பேச வைக்கும் வேலையில் மூணு டபுள்யூவும் சேர்ந்திருந்தார். தமிழ் வெப்சைட்டை நடத்துவதும் விளம்பரம் செய்வதும் அவர் பொறுப்பு. நான் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். பக்கங்களில் பிழை திருத்தித் தருகிறேன் என்று வாயை விட்டேன். விட்ட வாயை அப்புறம் மூடவே முடியவில்லை.

வாரம் ஒருமுறை அந்தத் தன்னார்வலர்கள் எல்லோரும் இணையத்தில் கூடிப் பேசுவார்கள். எங்கோ குளிர் நாட்டிலிருந்து ஒரு தமிழ்க்காரர் கேட்பார், "உங்க ஊர்ல எத்தனை பேர் பயன்படுத்தறாங்க?" இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நல்லா போயிட்டிருக்குதுங்க" என்பார். உண்மை என்னவென்றால் ஒருவரும் இல்லை. வெப்சைட்டுக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். விருத்தாசலத்திலிருந்து வந்தவர்கள் அவரும் நானும்தான்.

"பொய் சொல்ல வெக்கமா இருக்குது டீச்சர்," என்பார். "நம்ம ஊரு ஆளு ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, இத எறக்கி யூஸ் பண்ணி 'நல்லாருக்குது'ன்னு சொல்லிட்டா போதும். நிம்மதியா கண்ண மூடிருவேன்."

"அதுக்கு எதுக்குண்ணே கண்ண மூடணும்? தொறந்துக்கிட்டே நிம்மதியா இருங்களேன்."

"நீ சொல்லுவ. அந்த மீட்டிங்குல பதில் சொல்றது நானில்ல?"

அந்த ஒருத்தரைப் பிடிக்க அவர் செய்த விளம்பரங்கள் இருக்கின்றனவே, ஐயோ! முதலில் பீஸ் கேரியரில் ஆரம்பித்தார். மின்சாரப் பெட்டியில் பியூஸ் கம்பி சுற்றிச் செருகும் பீங்கான் கட்டை. அதன் முகத்தில் முகவரியை எழுதிச் சூளையில் வேகவைத்துவிட்டார். முதலாளி கேட்டபோது "வூட்டுக்கு வூடு போய்ச் சேருமில்லீங்களா" என்றாராம். சேர்ந்தது. ஆனால் கரண்ட் போனால்தான் அந்தப் பெட்டியை யாரும் திறப்பார்கள். கரண்ட் போன வீட்டில் எந்தக் கம்ப்யூட்டர் ஓடும்? இதை நான் எடுத்துச் சொன்னபோது, "அட ஆமா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு, மறுநாளே பொம்மைக்குத் தாவிவிட்டார்.

எங்கள் ஊர் பீங்கான் பிள்ளையாரை வாங்காதவர்கள் குறைவு. அந்தப் பிள்ளையாரின் முதுகில் முகவரி. அந்த வருடம் எங்கள் தலைமையாசிரியை வீட்டுக் கொலுவுக்கு நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்தத் தலைமையாசிரியை பிள்ளையாரைத் தூசி தட்டத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர், இது ஒங்க ஆளு வேலைதானே?"

'ஒங்க ஆளு' என்று அவர் சொன்ன தொனியில் சுண்டல் என் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

கடைசியாகத்தான் டீ கப். கனமான வெள்ளைக் கப். அதன் வயிற்றில் நீல எழுத்தில் முகவரி. ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஸ்டாண்ட், சேத்தியாத்தோப்பு கூட்ரோடு, எங்கள் ஜங்ஷன் எல்லா இடத்திலும் டீக்கடைகளுக்குச் சும்மாவே கொடுத்தார். சும்மா வந்த கப்பை எந்த டீக்கடைக்காரர் வேண்டாமென்பார்? "இது அழியற எழுத்தில்ல டீச்சர். மெருகுக்கு அடியில எழுதி வேக வெச்சிருக்கேன். கப்பு ஒடஞ்சாத்தான் உண்டு" என்று பெருமையாகத் தட்டிக் காட்டினார். அந்த வாக்கியத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் மனிதர் ஏமாளி இல்லை. இணைய மோசடி பற்றி ஊருக்கே பாடம் எடுப்பார். "பணம் கட்டு, அவசரம், காலாவதின்னு மெயில் வந்தாக்க தொறக்கவே கூடாது. அழிச்சிரணும்" என்று எங்கள் பள்ளிக்கே வந்து பேசியிருக்கிறார். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார், "எவனோ ஒரு பிராடு டீச்சர், விடாம மெயில் போடறான். 'உங்க வெப்சைட் பேரு காலாவதியாவப் போவுது, புதுப்பியுங்க'ன்னு. எங்கிட்டயேவா? வர வர அழிச்சிக்கிட்டே இருக்கேன்." நானும் சேர்ந்து சிரித்தேன். கம்ப்யூட்டர் டீச்சராம் நான்!

வெப்சைட் பெயர் என்பது நாம் வாடகைக்கு எடுத்து வைத்திருப்பது. கெடுவுக்குள் புதுப்பிக்காவிட்டால் வேறு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்கள். அது எங்களுக்குத் தெரியவந்த இடம் ஒரு மேடை.

ஜங்ஷன் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் செயல்விளக்கக் கூட்டம் போட்டிருந்தார். புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் எங்கள் தலைமையாசிரியை கொடுத்து உதவியவை. அவரே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊர்களிலிருந்து பார்வை இல்லாதவர்கள் சிலரும் அவர்களை அழைத்து வந்தவர்களும் வந்திருந்தார்கள். மூணு டபுள்யூ தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

"பார்வை இல்லாதவங்க எப்பிடிப் பயன்படுத்துவாங்களோ, அதே மாதிரி நானும் பண்ணிக் காட்டறேன். இப்ப நம்ம வெப்சைட்டத் தொறக்கப் போறேன். டபுள்யூ... டபுள்யூ..."

தட்டினார். திரையில் கைநிறையச் சீட்டுக்கட்டோடு ஒரு பெண் வந்து சிரித்தாள். கூடமே பார்த்தது. அவர் ஒருவர்தான் பார்க்கவில்லை. எங்கள் மென்பொருள் கணீரென்று படிக்க ஆரம்பித்தது.

"வாங்க ராஜா வாங்க. இன்றே சீட்டாடுங்கள். முதல் ஆட்டம் இலவசம். படம், சிரிக்கும் பெண். பட்டன், உள்ளே நுழை."

"ஏதோ வெளம்பரம் வந்துருக்குதுங்க," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "கீழ போனாக்க நம்ம பக்கம் வந்துரும்."

கீழே போனார். "படம், சிரிக்கும் இன்னொரு பெண். தயக்கம் ஏன் மாமா? பட்டன், இப்போதே ஆடு." இன்னும் கீழே போனார். கீழே போகப் போகப் பெண்கள் அதிகமாகிக்கொண்டே போனார்கள். தலைமையாசிரியை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என்னைத் தேடினார். நான் தூண் பக்கம் ஒதுங்கினேன். தூண் ஒல்லி, நான் அப்படி இல்லை. வேறு வழியில்லாமல் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். புரொஜெக்டர் அணைந்தது. லேப்டாப்பிலும் ஸ்பீக்கரிலும் பேட்டரி இருந்தது. இருட்டில் குரல் மட்டும், "தயக்கம் ஏன் மாமா?" என்று மறுபடி கேட்டது.

அவர் துண்டை அவிழ்த்தார். லேப்டாப் திரையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எப்போதும் பேசிக்கொண்டிருக்கும் வாய் பாதியில் நின்றிருந்தது. லேப்டாப்பை அப்படியே மூடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். தலைமையாசிரியை என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "நாளைக்கு ரூமுக்கு வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். அங்கே கேட்டதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

அப்புறம்தான் அவருக்குக் கப் ஞாபகம் வந்தது. மெருகுக்கு அடியில் எழுதி வேகவைத்த, அழியாத எழுத்து. மொபெட்டில் கோணிப்பையைக் கட்டிக்கொண்டு டீக்கடை டீக்கடையாகத் திரும்ப வாங்கப் போனார். பாவமாக இருந்ததால் நானும் பின்னால் உட்கார்ந்தேன். சேத்தியாத்தோப்பு கூட்ரோட்டில் டீ மாஸ்டர் கப்பைத் தர மறுத்துவிட்டார்.

"இன்னாத்துக்கு சார் கேக்கறீங்க? சூடு தாங்குது, கீழ போட்டாலும் ஒடைய மாட்டேங்குது."

"அதுல எழுதியிருக்கறது சரியில்லப்பா."

"எது, அந்த வெப்சைட்டா? சூப்பரா இருக்குது சார்! முன்னல்லாம் வெறும் எழுத்தா இருக்கும், ஒரு பயலும் பாக்க மாட்டான். இப்பதான் கேமு கீமுன்னு நல்லா போட்டுருக்கீங்க. நம்ம கடைக்கு வர்ற பசங்க எல்லாரும் அதுலதான் கெடக்கறானுங்க."

மூணு டபுள்யூ கோணிப்பையை மடித்தார். மொபெட்டை ஊர்ப் பக்கம் திருப்பினார். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டபோது, "ஊரே வந்து பாக்கணும்னு ஆசப்பட்டேன் டீச்சர். வந்து பாத்துட்டாங்க" என்றார். அதன்பின் போனை அணைத்துவிட்டார். வாராந்திரக் கூட்டத்துக்கும் வரவில்லை. குளிர் நாட்டுக்காரர் என்னைக் கேட்டார். "உடம்பு சரியில்லைங்க" என்று பொய் சொன்னேன். மூணு டபுள்யூ ஏன் அப்படித் தொண்டையைக் கனைப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சில நாள் கழித்து என்னைத் தேடிக்கொண்டு பள்ளிக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ஜெயக்கொடி. ஊர் நல்லூர். கையில் பார்வை இல்லாதவர்கள் பிடிக்கும் வெள்ளை மடக்குக் குச்சி. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவள். அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தாளாம். எனக்கு மறுபடி முகம் சுண்டிப்போனது.

"மன்னிச்சிரும்மா, அன்னைக்கி நடந்தது..."

"அத வுடுங்க டீச்சர். அந்தச் சீட்டாட்டத்தப் படிச்சுதே ஒரு சாப்ட்வேரு, அது எங்க கெடைக்கும்?"

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அவளுக்கு அது தெரியாதது நல்லதாகப் போயிற்று. நேரே அவர் வீட்டுக்கு அவளை அழைத்துக்கொண்டு போனேன். மூணு டபுள்யூ கதவைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து, "யாரும் இல்லீங்க" என்றார்.

"அண்ணே, ஒங்க சாப்ட்வேரக் கேட்டு வந்திருக்காங்க."

"கிண்டல் பண்றதுக்கு இன்னும் ஆள் கூட்டிட்டு வரியா டீச்சர்?"

ஜெயக்கொடி ஜன்னல் பக்கம் போய்க் குரல் கொடுத்தாள். "சார், நான் போன்ல கேக்கறதுண்டு, கம்ப்யூட்டர்ல தமிழ ஒழுங்காப் படிக்கறது எனக்குக் கெடைக்கவேயில்ல. கெடைச்சதெல்லாம் தமிழக் கடிச்சித் துப்பும். ஒங்களுது ஒரு எழுத்து வுடாமப் படிச்சுது சார். அந்தச் சீட்டாட்டக்காரன் வுட்ட தப்பெல்லாம் கூட அப்பிடியே படிச்சுது. 'ஆடுங்கள்'ல ஒரு எடத்துல 'ங்' வுட்டுருந்தான், 'ஆடுகள்'னே படிச்சுது, கேட்டீங்களா? எனக்கு அன்னைக்கே கை தட்டணும்னு இருந்துச்சு. பக்கத்துல இருந்தவங்க அதட்டுனாங்க."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. சவரம் செய்யாத முகம், கசங்கின லுங்கி. "உள்ள வாம்மா" என்றார். அவள் கொண்டுவந்திருந்த லேப்டாப்பில் மென்பொருளை ஏற்றினார். அவள் தன் தேர்வுப் பாடத்தைத் திறந்தாள். அந்தக் கணீர்க் குரல் அரசியலமைப்புச் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தது. ஜெயக்கொடி தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"நல்லாருக்குது சார்," என்றாள்.

அவர் சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனார். டீ போடத்தான் போனார் என்று நினைத்தேன். வெகுநேரம் வரவில்லை. மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் வந்தது. கடைசியில் டீ வந்தபோது அதே கப்பில்தான் வந்தது. முகவரி தெரியாமல் இருக்க அதன்மேல் ஒரு தாளை ஒட்டியிருந்தார்.

அந்த வாரக் கூட்டத்தில், "உங்க ஊர்ல எத்தனை பேர்?" என்ற கேள்வி வந்தது. அவர் கனைக்கவில்லை. "ஒருத்தருங்க" என்றார். அவ்வளவு பெருமையாக யாரும் அந்த எண்ணைச் சொல்லி நான் கேட்டதில்லை.

புதிய முகவரி வாங்கினோம். புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் இப்போது அவர், நான், ஜெயக்கொடி என்று மூன்று பேருக்கும் வருகிறது. கப்களை என்ன செய்வது? புது முகவரியை ஸ்டிக்கரில் அடித்து, பழைய முகவரியின்மேல் ஒட்டினார். கழுவக் கழுவ உரியும். அவர் மொபெட்டில் போய் மறுபடி ஒட்டுவார். உலகத்தில் மற்றவர்கள் வெப்சைட்டைப் பராமரிப்பது உட்கார்ந்த இடத்திலிருந்து. எங்கள் ஊரில் அதற்கு மொபெட் வேண்டும், பழந்துணி வேண்டும்.

இப்போது அவர் மகளோடு ஓசூருக்குக் குடிபோய்விட்டார். ஜெயக்கொடியும் நானும்தான் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறோம். அவள் என் பிழைகளைக் காதால் கேட்டே பிடித்துவிடுகிறாள். அதுவும் ஒரு மானக்கேடு. அங்கிருந்து அவர் போன் செய்தால் என் வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. "ஸ்ரீமுஷ்ணம் கப்பு எப்பிடி இருக்குது?" என்றுதான் கேட்பார்.

போன வாரம் சேத்தியாத்தோப்பில் பஸ்ஸுக்கு நின்றபோது டீ வாங்கினேன். வந்த கப்பில் ஸ்டிக்கர் பாதி உரிந்து, பழைய நீல எழுத்து எட்டிப் பார்த்தது. குடித்து முடித்தேன். கைப்பையில் எப்போதும் கிடக்கும் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்தேன். எதிர் பெஞ்சில் என்னிடம் படிக்கும் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், அந்தக் கப்புல என்னா பண்றீங்க?"

காது வரைக்கும் சூடாகிவிட்டது எனக்கு. "வெப்சைட்டப் பராமரிக்கிறேங்க" என்றேன். அவர் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

முந்தானையால் கப்பின் ஈரத்தைத் துடைத்து, ஸ்டிக்கரை வைத்து, ஓரமெல்லாம் கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேய்த்தேன். அண்ணன் அப்படித்தான் ஒட்டுவார்.