செல்லாது அண்ணனும் கரையான் தின்ற சட்டமும்

ஈப்போவில் செல்லாது அண்ணன் இருந்தவரைக்கும் ஒரு மனிதராவது நிம்மதியாக ஒரு கோழியை விற்றதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது படித்தபோது தாகத்துக்குத் தண்ணீர் கேட்கவே வெட்கப்பட்டவன் நான். இருபதுகளில் ஈப்போவுக்கு வந்து ஒரு தையற்கடையில் காஜா எடுக்கும் வேலையில் சேர்ந்தேன். ஊசிக்கும் நூலுக்கும் பேச்சு வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பொருந்தியது.

கடைக்கு வெளியே, அஞ்சடி நடைபாதையில், ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மனு எழுதிக்கொண்டிருப்பார் அண்ணன். கறுப்புக் கோட்டு, கீழே வேட்டி, காதில் பேனா. யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாலும் படிப்பதற்கு முன்பே "செல்லாது" என்பார். படித்து முடித்த பிறகும் அதையேதான் சொல்வார். நடுவில் ஏன் படித்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முன்பு ஒரு வக்கீலிடம் நகல் எழுதுபவராக இருந்தாராம். அந்த வக்கீல் தூக்கியெறிந்த ஒப்பந்தச் சட்டப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. முழுப் புத்தகம் அல்ல. முன்பக்கத்துத் தாள்கள் மட்டும். மற்றதைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் ஓர் ஒப்பந்தம் எப்படி உண்டாகிறது என்பது அண்ணனுக்குத் தலைகீழ்ப் பாடம். அதை ஒருவன் மீறினால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியாது. அதெல்லாம் கரையான் வயிற்றில் இருந்தது.

கோழி விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் எங்கள் கடை வாசலில் ஓர் அம்மாள் கோழி விற்றாள். வாங்கியவர் ஒரு வண்டிக்காரர். கோழி கைமாறும் நேரத்தில் அண்ணன் எழுந்தார்.

"நில்லுங்க. ஏம்மா, நீ எந்தக் கோழியை மனசுல வச்சு விக்கிறே?"

"இந்தச் செவலைதான்."

"வண்டிக்காரரே, நீங்க?"

"நான் அந்த வெள்ளைன்னுல்ல நெனச்சேன்."

"செல்லாது" என்றார் அண்ணன். "ரெண்டு மனசும் ஒரே கோழியில போய் உக்காரணும். அப்பதான் ஒப்பந்தம்."

பிறகு வெள்ளைக் கோழி என்று முடிவானது. அம்மாள் வெள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்றாள். வண்டிக்காரர் கோழியே வேண்டாம் என்றார். சந்தடியில் இரண்டு கோழிகளும் சாலையைத் தாண்டி ஒரு சீனர் கடைக்குள் போய்விட்டன. "இப்ப அதுங்க யாருக்குச் சொந்தம்ணே?" என்று வண்டிக்காரர் கேட்டார். அண்ணன் புத்தகத்தைப் புரட்டினார். ஒருவேளை அது பின்பக்கத்தில் இருந்திருக்கும்.

இன்னொரு முறை, கள்ளுக்கடையில் ஒருவர் தன் மாட்டுவண்டியை மச்சானுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அழுதுகொண்டு வந்தார். புத்தி தெளிவாக இல்லாதபோது கொடுத்த வாக்கு செல்லாது என்று அண்ணன் வண்டியை மீட்டுக்கொடுத்தார். ஊருக்குள் அது பரவியது. அப்புறம் சில ஆண்கள் வீட்டில் பெண்டாட்டிக்கு எந்த வாக்குக் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வந்தார்கள். பெண்கள் அண்ணனைத் தேடி வந்து திட்டினார்கள். அவரோ ஒவ்வொருத்தியிடமும், "நீ திட்டுறது உன் சொந்த விருப்பத்துலதானே? யாரும் வற்புறுத்தலையே?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

இப்படிப்பட்டவரிடம் நானாகப் போய் நிற்கவேண்டிய காலம் வந்தது.

தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கங்காணி ஒருவரின் மகள் பாக்கியத்தை எனக்குப் பேசியிருந்தார்கள். என் அப்பாவும் கங்காணியும் வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொண்டார்கள். நான் பாக்கியத்தை இரண்டு முறை பார்த்திருந்தேன். ஒருமுறை அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதை வைத்துக்கொண்டு நான் நாலு மாதம் காஜா எடுத்தேன்.

ஐந்தாம் மாதம் கங்காணி தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தத் தோட்டத்துச் சின்னக் கிராணி, காற்சட்டை போடுகிறவர், ஆபீஸ் உத்தியோகம், பெண் கேட்டிருக்கிறார். அவருடைய மாமனோடு கங்காணி புதுத் தட்டு மாற்றிவிட்டார். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று நாள் அண்ணனின் பெட்டிக்கு முன்னால் நின்று நின்று திரும்பினேன். நாலாம் நாள் அண்ணனே தலையைத் தூக்கினார்.

"என்னடா, சொல்லு. இல்லன்னா வெளிச்சத்தை மறைக்காத."

சொன்னேன். நம் தட்டு முதல் தட்டு, நம் பக்கம்தான் நியாயம் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"செல்லாது" என்றார்.

கடைக்குள் திரும்பப் போனேன்.

"தட்டை யாரு மாத்துனா?"

"எங்கப்பாவும் அவங்கப்பாவும்."

"அப்ப அவங்க ரெண்டு பேரும்தான் கட்டிக்கணும். உனக்கும் அந்தப் பொண்ணுக்கும் இதுல என்ன சம்பந்தம்?" கொஞ்ச நேரம் காதைக் குடைந்தார். "ஆனா கிராணி தட்டும் அதே தட்டுதான். அதுவும் செல்லாது. கெளம்பு, போலாம்."

நான் தோற்றேனா ஜெயித்தேனா என்று புரியாமலே ரயில் ஏறினேன். வழியெல்லாம் அண்ணன் பாடம் நடத்தினார். ஒருவர் கேட்கணும், மற்றவர் அதையே அப்படியே ஒத்துக்கொள்ளணும். ஆளுக்கு வயசு வந்திருக்கணும். புத்தி தெளிவா இருக்கணும். மிரட்டல் கூடாது. இரண்டு பக்கமும் ஏதாவது கொடுக்கணும், அது கைம்மாறு. நான் விரல்விட்டு எண்ணினேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கிற வேலை இல்லாததால் லயத்து வீடுகளின் சனம் முழுக்கக் கங்காணி வீட்டு வாசலில் கூடிவிட்டது. கங்காணி கையில் கம்போடு வந்தார்.

"யாருய்யா நீ? என் வாக்கைச் செல்லாதுன்னு சொல்ல?"

"உங்க வாக்கு உங்களைத்தான் கட்டும். போய் நீங்களே கிராணியைக் கட்டிக்குங்க" என்றார் அண்ணன். சனம் சிரித்தது. கங்காணி கம்பை ஓங்கினார்.

"கம்பு இருக்குற எடத்துல சம்மதம் செல்லாது."

உள்ளேயிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது. "அப்பா, அதைக் கீழ வைங்கப்பா. அவரு சொல்றதைத்தான் கேப்போம்லா."

கங்காணி கம்பைச் சுவரில் சாய்த்தார். அண்ணன் புத்தகத்தை விரித்தார்.

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"ஆனை லயத்துக்குள்ள பூந்துச்சே, அந்த வருசம் பொறந்தா."

"அது எந்த வருசம்?"

"அவ பொறந்த வருசம்தான்."

அண்ணன் இதை எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பையன் புத்தி தெளிவா இருக்கானா?"

"உங்களைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கானே" என்றார் கங்காணி. "பெரிய பைத்தியக்கார ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு, போற வழியில காட்டிட்டுப் போங்க."

"சரி. இப்ப நீ கேளுடா" என்றார் அண்ணன் என்னிடம்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பாக்கியமும் வாசற்படிக்கு வந்து நின்றாள். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கேட்காவிட்டால் அவள் கிராணிக்குப் போய்விடுவாள் என்பது தெரிந்தது. தெரிந்தும் நாக்கு எழவில்லை. ஒரு கிழவர், "ஊமைப் பையனுக்கா பொண்ணு கேட்டாங்க?" என்றார். கங்காணி கம்பை மறுபடி எடுக்கப் போனார்.

பாக்கியம் உள்ளே போனாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு குவளை வரக்காப்பி இருந்தது. என் முன்னால் நீட்டினாள்.

"அவரு கேக்க மாட்டாரு. நானே கேக்குறேன். என்னைக் கட்டிக்க இஷ்டம்னா இதைக் குடிக்கட்டும். இல்லன்னா அடுத்த ரயிலுக்குப் போகட்டும்."

வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது. கண்ணீர் கொட்டியது. மூன்று நாளைக்கு எனக்கு உப்பும் சர்க்கரையும் ஒன்றாகவே இருந்தன.

"வாயால ஒண்ணும் சொல்லலையே?" என்றார் கங்காணி.

அண்ணன் விரலை ஒரு வரியில் வைத்தார். "செய்கையாலயும் சம்மதம் தெரிவிக்கலாம்." பிறகு, நான் அறிந்தவரையில் தம் வாழ்நாளில் முதல்முறையாக, "செல்லும்" என்றார்.

கங்காணிக்குச் சட்டம் புரிந்ததா, மகள் முகம் புரிந்ததா, தெரியாது. உட்கார்ந்து வெகுநேரம் தலையைச் சொறிந்தார். "சரிய்யா. நாளைக்கு இவன் வாக்கு மாறுனா என்ன பண்றது?"

"அது அடுத்த பக்கம்" என்றார் அண்ணன். "அதைக் கரையான் தின்னுடுச்சு."

கல்யாணத்தன்று எல்லாரும் மொய் எழுதினார்கள். அண்ணன் ஒரு பத்திரம் எழுதினார். "நான் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு மத்தியானம் மேற்படி தம்பதியர் வீட்டுக்கு வந்து சாப்பிடுவேன். கருவாட்டுக் குழம்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் செல்லும். இதற்கு நான் எந்தக் கைம்மாறும் பெறவில்லை. இயல்பான அன்பும் பாசமுமே காரணம்." கீழே யாராலும் படிக்க முடியாத ஒரு கையெழுத்து.

"சாப்பிடுறது இவரு. கைம்மாறு வாங்கலைங்கறதும் இவரு" என்று என் மாமனார் குழம்பினார். அண்ணன் புத்தகத்தின் கடைசித் தாளைக் காட்டினார். கைம்மாறு இல்லாத வாக்கு செல்லாது, ஆனால் அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக்கொடுத்தால் செல்லும் என்று அதில் இருந்ததாம். அதற்குக் கீழே தாளின் மூலை இல்லை. அரித்துப்போயிருந்தது.

அண்ணன் அந்த வாக்கை மீறவில்லை. வெள்ளத்தில் ஒருமுறை இடுப்பளவு தண்ணீரில் வந்தார். வந்து உட்கார்ந்ததும், "யாரும் வற்புறுத்தலையே?" என்று பாக்கியத்திடம் கேட்பார். "பேசாம சாப்பிடுங்கண்ணே" என்பாள் அவள். பல வருடங்கள் கழித்து ஒரு முதல் ஞாயிறு வந்தது, அவர் வரவில்லை. காய்ச்சலில் இரண்டு நாளில் போய்விட்டார் என்று மறுநாள் தெரிந்தது.

இப்போது நான் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஓர் இளம் வக்கீல் கோட்டுத் தைக்க வந்தார். பேச்சோடு பேச்சாக என் மனைவி அந்தப் பத்திரத்தை எடுத்துக் காட்டினாள். அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இது சும்மா செல்லாதுங்க. அன்புக்காக எழுதிக்கொடுத்தா, ரெண்டு பேரும் நெருங்கின சொந்தமா இருக்கணும்னு சட்டத்துல இருக்கு."

கரையான் தின்ற மூலையில் அதுதான் இருந்திருக்கிறது.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் வக்கீல்.

இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் எங்கள் வீட்டில் என் மனைவிதான் பதில் சொல்வாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"கூடப் பொறந்தவருங்க."