உன் ரிமோட் லாரியை நாலு சக்கரமும் இழுக்கும்படி செய்த விவரம்

புத்தூர்,
வெள்ளிக்கிழமை.

சித்தூரில் இருக்கும் அன்பு மைத்துனன் சடகோபனுக்கு, உன் மாமா செங்கல்வராயன் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்கா சுலோச்சனாவும் சுகம். என் வலது கட்டைவிரல் மட்டும் சுகமில்லை; காரணம் கீழே வரும். நீயும் தேவயானியும் சுகமாகவும், இன்னும் பேச்சுவார்த்தையிலும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வருஷ ரிமோட் வண்டிப் போட்டியில், ஏர்பேடு பக்கத்து வறண்ட ஏரியில், உன் லாரி மணல்மேட்டில் பாதி ஏறிப் புதைந்து நின்றபோது நீ என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாய். "ஏன் மாமா, இருக்கிறது நாலு சக்கரம், ரெண்டு மட்டும் ஏன் வேலை செய்யுது?" அதற்குள் அந்த ஸ்ரீசிட்டி ஜெயபிரகாஷ், தன் வண்டி உச்சியில் நிற்கிற தைரியத்தில், "அண்ணா, மத்த ரெண்டும் உங்க மாமா மாதிரி ரிட்டயர்டா?" என்று கேட்டதால் நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை. இப்போது சொல்கிறேன். உன் வண்டியில் மோட்டார் பின் சக்கரங்களைத்தான் சுழற்றுகிறது. முன் சக்கரங்கள் சும்மா கூட உருள்கின்றன. கல்யாணப் பந்தியில் நாலு பேர் பரிமாற நின்று, இரண்டு பேர் வாளி தூக்க, மற்ற இரண்டு பேர் "இங்க சாம்பாரு, இங்க சாம்பாரு" என்று கை காட்டிக்கொண்டிருப்பதில்லையா, அதுபோல. தார் ரோட்டுக்கு அது போதும். மணலில் கை காட்டுகிறவனும் வாளி தூக்கியாக வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியிலும் தோற்றால் உன் வண்டிகளையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிட்டு, பீரோவைக் காலி செய்வதாக நீ தேவயானியிடம் சத்தியம் செய்திருப்பது எனக்குத் தெரியும். அவள் உன் அக்காவிடம் போனில், "அவரு தோக்கட்டும் அண்ணி, எந்தப் பொடவைய எந்தத் தட்டுல வக்கறதுன்னு இப்பவே யோசிச்சிக்கினு இருக்கேன்" என்றாளாம். இயற்பியல் வாத்தியார் ஒருவன் குடும்பத்தில் இருக்க இப்படி ஆகலாமா? அதனால்தான் உன் லாரியை வாங்கி வந்தேன்.

திருப்பதியில் ஒரு பொம்மைக் கடையில் உடைந்த ரிமோட் ஜீப் ஒன்று கிடைத்தது. பின்பாதி போய்விட்டது, முன்பாதியில் அச்சு, பல்சக்கரம், அவற்றைச் சுழற்ற ஒரு மோட்டார் எல்லாம் நன்றாகவே இருந்தன. உன் லாரியின் பின்பாதியோடு அந்த முன்பாதியைச் சேர்த்தால் அதற்குப் பெயர் ஹைபிரிட். நகரி மாப்பிள்ளைக்கு வேலூரில் பெண் எடுப்பதுபோலத்தான். இரண்டு பக்கமும் நல்ல குடும்பம், ஆனால் ஒருவர் வீட்டுச் சாமான் மற்றவர் வீட்டு அலமாரியில் நுழையாது. போல்ட் ஓட்டை எதுவும் பொருந்தவில்லை. புது ஓட்டை போட்டபோதுதான் கட்டைவிரல். இடம் போதாமல் முன் மோட்டாரைத் திருப்பி வைத்து மாட்டினேன், அங்கேதான் பிசகு. ரிமோட்டை அழுத்தினால் பின் சக்கரங்கள் முன்னால் போகப் பார்த்தன, முன் சக்கரங்கள் பின்னால் வரப் பார்த்தன. வண்டி நடுக்கூடத்தில் நின்ற இடத்திலேயே காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கி லேசாகப் புகைந்தது. உன் அக்கா எட்டிப் பார்த்தாள். "நின்னுக்கினே இருக்கறதுக்கு எதுக்குங்க நாலு சக்கரம்? அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்றாள். நான் முன் மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிக் கொடுத்தேன். நாலும் ஒரே பக்கம் சுற்றின.

வண்டி ஓடியதும் உன் அக்கா சட்டம் போட்டாள்: பூஜை போடாமல் புது வண்டி தெருவைத் தாண்டக் கூடாது. தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குத் தூக்கிப் போனோம். பூசாரி கிருஷ்ணப்பா வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏமி சார், பொட்டு வைக்க நம்பர் பிளேட்டே காணமே!" என்றார். கடைசியில் கண்ணாடியில் வைத்தார். பிறகு வழக்கப்படி சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம். பெரிய லாரி ஏறினால் பழம் நசுங்கும். உன் லாரியோ இரண்டு கிலோ; நாலு பழத்தின் மேலும் சாமி மாதிரி உட்கார்ந்துகொண்டது. "நசுங்கலன்னா தோஷம் சார். கொஞ்சம் ஜோரா குடுங்க" என்றார் கிருஷ்ணப்பா. ஜோராகக் கொடுத்தேன்.

நாலு பழமும் பறந்தன. ஒன்று உண்டியலில் மோதிக் கணீரென்றது, ஒன்று கற்பூரத்தை அணைத்தது, ஒன்று எங்கே போனதென்று பிள்ளையாருக்குத்தான் தெரியும், ஒன்று கிருஷ்ணப்பாவின் தொப்பையில் பட்டது. எனக்கோ பரமானந்தம். பழைய வண்டியாக இருந்தால் பின்னால் இருந்த இரண்டு மட்டும்தானே பறந்திருக்கும்? நாலும் பறந்தது என்றால் நாலு சக்கரமும் இழுக்கிறது என்று அர்த்தம். எந்த வகுப்பிலும் நான் இவ்வளவு தெளிவாக ஒன்றை நிரூபித்ததில்லை. அதை அவருக்கு அங்கேயே விளக்கினேன். "தெரிஞ்சது சார், வவுத்துலயே பட்டுது" என்றார்.

பழம் விலகித் தரையைத் தொட்ட வண்டி பாய்ந்து, படிகளில் உருண்டு, தேங்காய் உடைக்கிற தொட்டியில் விழுந்தது. துடைத்து எடுத்து, எதிரே வீடு கட்டும் பாலையாவின் மணல் குவியலில் விட்டேன். "சார், சலிச்ச மணலு சார்!" என்று அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே சரசரவென்று உச்சிக்கு ஏறி நின்றதப்பா! என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாலையா கண்ணிலும் வந்தது. அது மணல் பட்டு.

ஆகவே நீ எதற்கும் அஞ்ச வேண்டாம். ஜெயபிரகாஷை இப்போதே கீழே நின்று வேடிக்கை பார்க்கப் பழகச் சொல். தேவயானியைப் புடவைக்கு வேறு இடம் தேடச் சொல். வண்டியும் இந்தக் கடிதமும் நாளைக் காலைப் பஸ்ஸில் ஒரே பெட்டியில் வரும்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி. பீரோ யாருக்குப் போனாலும் சமையல் நிற்காமல் இருக்கட்டும்.

உன் மாமா,
செங்கல்வராயன்

பி.கு.: பெட்டியில் வைக்க வண்டியைக் கவிழ்த்தபோது பார்த்தேன். பின் மோட்டாரின் ஒயர் கழன்று தொங்குகிறது. படியில் உருண்டபோது போயிருக்க வேண்டும். ஆக, மணல் ஏறியது ஜீப்பின் முன்பாதி மட்டும்தான், உன் பாதி சும்மா கூடப் போயிருக்கிறது. பாலையாவோ, காலையில்தான் மணலுக்குத் தண்ணீர் அடித்தாராம், மேலாக மட்டும் உலர்ந்து, அடியில் சிமெண்டு மாதிரி இறுகியிருந்ததாம். ஒயரை மாட்டிவிட்டேன். பஸ்ஸின் குலுக்கலில் இனி எது கழலுமோ தெரியாது. புடவை விஷயத்தைத் தேவயானியிடம் இப்போதைக்குச் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை மணலில் இறக்குவதற்கு முன், வண்டியின் வயிற்றை ஒரு செங்கல்லின் மேல் வைத்து, நாலு சக்கரமும் தரையில் படாதபடி பார்த்துக்கொண்டு, நாலும் சுற்றுகிறதா என்று ரிமோட்டை மெதுவாக அழுத்திப் பார்.