முட்டுக்கட்டை நீக்கிய தேர்

நடுவக்கரை நாட்டில் ஆண்டுக்கொருமுறை அரசரே தேரில் ஏறி ஊர்வலம் வருவார். நாடு முன்னேறுகிறது என்பதற்கு அங்கே அதுதான் சாட்சி. வடம் இழுப்பது குடிமக்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை செருகித் தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சங்கிலி என்பவனும் அவன் கூட்டாளிகள் ஐந்து பேரும். அச்சு முனகும் விதத்திலேயே எப்போது கட்டை போட வேண்டுமென்று சங்கிலிக்குத் தெரிந்துவிடும்.

புதிதாக வந்த தேர்த்துறை அமைச்சர் அதிரூபசிங்கர், சும்மா சொல்லக்கூடாது, எதையும் அளந்து பார்ப்பவர். வெள்ளோட்டத்தை அளந்துவிட்டு அரசரிடம் சொன்னார்: “மன்னா, நானூறு பேர் தேரை இழுக்கிறார்கள். இந்த ஆறு பேர் மட்டும் நிறுத்துகிறார்கள்.”

அரசருக்கு வந்ததே கோபம். இனி மேற்பார்வையாளரிடம் அனுமதி பெற்றே கட்டை போட வேண்டும் என்று ஆணை பிறந்தது. மேற்பார்வையாளரோ தேரின் உச்சியில் இருந்தார். அடுத்த வெள்ளோட்டத்தில், அனுமதி இறங்கி வருவதற்குள் தேர் இரண்டு வீட்டுச் சுவரைப் பெயர்த்துவிட்டது. கட்டைக்காரர்களின் அலட்சியமே காரணம் என்று விசாரணை கண்டுபிடித்தது. ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பதினைந்து மேற்பார்வையாளர்களைத் தேரில் ஏற்றினார்கள். பாரம் கூடியது. இழுப்பவர்களின் உள்ளங்கை உரிந்தது. சிரித்த முகத்தோடு இழுக்கும்படி அவர்களுக்கும் ஓர் ஆணை வந்தது.

சங்கிலி அமைச்சரிடம் போய் நின்றான்.

“ஐயா, தெற்கு வீதிச் சரிவு பொல்லாதது, நேரா குளத்துக்கே இறங்குது. கட்டை போடலன்னா தேரு இழுக்கிற சனத்து மேலயே ஏறிரும். எம் பொண்டாட்டி மூக்கம்மாவும் அங்கதான் நிப்பா.”

“குறை சொல்லாதே. தீர்வு சொல்.”

“கட்டைதாங்க தீர்வு.”

“அது பழைய தீர்வு” என்றார் அமைச்சர்.

மறுநாளே கட்டைகளுக்கு மாலை போட்டு அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். சங்கிலிக்கு ‘முன்னேற்றத் தூதர்’ பட்டம் கிடைத்தது. கொடி பிடித்துத் தேருக்கு முன்னால் நடப்பது அவன் வேலை.

திருநாளன்று தேர் தெற்கு வீதிக்குள் திரும்பியது. அச்சு முனகியது. சங்கிலியின் கை தன்னையறியாமல் கட்டையைத் தேடியது. கையில் கொடிதான் இருந்தது. அதை வீசிவிட்டு அடித்தொண்டையில் கத்தினான்.

“மூக்கம்மா, வடத்த விடு. எல்லாரும் விட்டுட்டு ஓரமா ஒதுங்குங்க.”

அந்தக் குரல் எத்தனையோ முறை அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. யாரும் ஏனென்று கேட்கவில்லை. நானூறு பேரும் வடத்தை விட்டார்கள். தேர் அவர்களைக் கடந்து இறங்கியது. ஒருவருக்கும் கீறலில்லை. மூக்கம்மாள் உரிந்த கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“மேல இருக்கிறவங்க?”

“எங்கிட்டதான் கட்டை இல்லையே, புள்ள” என்றான் சங்கிலி. வெறுங்கையை விரித்துக் காட்டினான்.

தேரின் மேலிருந்து அரசர் எட்டிப் பார்த்தார்.

“அமைச்சரே, ஒருவரும் இழுக்கவில்லையே. தேர் எப்படி ஓடுகிறது?”

பக்கத்தில் நின்ற அதிரூபசிங்கர் அளந்து பார்த்துவிட்டு வணங்கினார்.

“தங்கள் தலைமைதான், மன்னா. இந்த நாடு இதுவரை காணாத வேகம்.”

பதினைந்து மேற்பார்வையாளர்களும் கைதட்டினார்கள். எதிரே குளம் வந்துகொண்டிருந்தது.