மருமகன் கட்டிய வெயில் வீடு

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய கொக்குவில் சம்பந்தி அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் இன்று வெயில் அடிப்பதால் நாங்கள் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மேகம் கறுத்தாலும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

தங்கள் மகன் கார்த்திகன் தங்கமான பிள்ளை. அதை முதலில் எழுதிவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன். ஒழுங்கைக்குள் இருந்த எங்கள் பழைய வீட்டை இடித்து, "மாமா, இனிக் கரண்டுக்கு நாங்கள் ஒருத்தரையும் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, வெயிலே எங்களுக்குக் காணும்" என்று தம்பி கார்த்திகன் தானே வீட்டுப் படம் கீறிப் புதுவீடு கட்டி, கூரை முழுக்கச் சோலார் தகடு பரப்பி, படிக்கட்டுக்குக் கீழே பற்றரி அடுக்கி, மின்சாரசபைக் கம்பியையும் வெட்டுவித்தார். அன்றிலிருந்து என் மனைவி இரத்தினம்மா வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் குசினிக்குள் போகிறாள். மழை நாளில் நான் விசிறியைப் போட்டால், "மாமா, பற்றரி பாவம்" என்கிறார் தம்பி. மாமா பாவமில்லை. இயற்கைக் காற்று வரட்டும் என்று கூரையில் காற்றுக்கூண்டு வேறு. காற்று வருகிறதுதான், அடுத்த வீட்டு ஷபீகாவின் குசினி வழியாக. வெள்ளிக்கிழமை மரக்கறிச் சோற்றைக் கருவாட்டு வாசத்தோடு சாப்பிடுகிறோம்.

அதுவும் பழகிப்போன நேரத்தில், ஷபீகாவின் கணவர் மஜீட் தன் மகளுக்கென்று இன்னொரு மாடி எழுப்பினார். அந்தச் சுவரின் நிழல் எங்கள் கூரையில் பாய் விரித்துப் படுத்துவிட்டது. மத்தியானமே பிரிட்ஜ் மூச்சை விட்டது. நான் சேர்ட்டுக்கூடப் போடாமல் சண்டைக்குப் போனேன்.

"என்ன ஹாஜியார், எங்கட வெயிலை மறைச்சுப்போட்டியள்?"

"வெயிலுக்கும் காணி உறுதி எழுதி வச்சிருக்கீங்களா சேர்?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும், "கோவிக்க வாணாம். ஒங்கட தகடெல்லாத்தையும் எங்கட புது மாடிக்கு மேல சிலப்புல ஏத்துங்க. எங்கட தண்ணி மோட்டருக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் தாங்க" என்றார்.

கொண்டுபோன கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஷபீகா தந்த இனிப்பு வட்டிலாப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இப்போது வெயில் அவர் வீட்டில், பற்றரி எங்கள் வீட்டில், நடுவே மதில்மேல் வயர். அவர்கள் குளிக்கமுதல் என்னைக் கேட்கிறார்கள். நான் விசிறி போடமுதல், தகட்டில் காகம் இருக்கிறதா என்று அவர்களைக் கேட்கிறேன். இதைத்தான் தம்பி ஆட்களைக் கூட்டிவந்து 'தன்னிறைவு வீடு' என்று காட்டுகிறார்.

நான் சொன்னால் பிள்ளை மனம் நோகும். மகள் உஷாந்தி என்னோடு கதைக்கவும் மாட்டாள். ஆகவே தாங்களே அவரை அழைத்து, தகடுகளைக் கழற்றிவிட்டு எல்லாரையும்போலக் கம்பி இழுக்கச் சொல்லுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு. தங்கள் வீட்டில் விளக்கும் தண்ணீரும் குறையாதிருக்க முருகன் துணை.

இங்ஙனம்,
ஸ்ரீஸ்கந்தராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல், ஒழுங்கை வீடுகள் எல்லாவற்றிலும் கரண்ட் போய்விட்டது. எங்கள் விசிறி மட்டும் சுற்றுகிறது. மஜீட் குடும்பம், எதிர்வீட்டு டோரின், டோரினின் நாய் எல்லாரும் எங்கள் ஹோலில்தான். இரத்தினம்மா தேத்தண்ணி ஊற்றுகிறாள். "எங்கட மருமகன் கீறின வீடு" என்று நானே விளக்கிக்கொண்டிருக்கிறேன். தகட்டைக் கழற்றும் கதையைத் தம்பியிடம் மூச்சுவிட வேண்டாம். டோரினின் கூரையிலும் நல்ல வெயில் விழுகிறதாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.