சன்ஷேட் இல்லாத சுவர்

கட்டடக் காவலர் என்று ஓர் இனம் இருக்கிறது. வாட்ச்மேனைச் சொல்லவில்லை. வாட்ச்மேன் சம்பளம் வாங்குவார், மத்தியானம் தூங்குவார். இவர் தூங்கமாட்டார். கட்டடத்தில் எவர் எங்கே ஆணி அடித்தாலும் தம் நெஞ்சில் அடித்ததாகப் பதறுவார். மேற்குத் தாம்பரத்துத் தேவானந்தத்தைத் தெரிந்துகொண்டால் இந்த இனத்தையே தெரிந்துகொண்ட மாதிரி.

அவர் குடியிருந்தது 1957-இல் கட்டிய மூன்று மாடிக் கட்டடம். தட்டைக் கூரை, வட்ட வட்ட ஜன்னல்கள், அடுப்படிக்கு ஜன்னலுக்குப் பதில் ஓட்டை ஓட்டையாகச் சிமென்ட் ஜாலி. வெளிச்சுவரில் பேருக்குக்கூட ஒரு சன்ஷேட் கிடையாது. "வெறும் சுவர்! என்ன தைரியம் பாருங்க!" என்று வீடு பார்க்க வருகிறவர்களை நிறுத்திவைத்துச் சொல்வார். பிறகு, துணிக்கொடி கட்டக்கூடாது, சுவருக்கு வேறு வர்ணம் அடிக்கக்கூடாது, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை வெளியே மாட்டக்கூடாது, ஆசையாக இருந்தால் கையில் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வந்தவர்களில் பாதிப்பேர் படியிறங்கியிருப்பார்கள்.

"இன்னா சார், ஒரு ஆணி அடிச்சா வூடு இடிஞ்சா பூடும்?" என்று கேட்டார் கீழ்வீட்டு அரிசி வியாபாரி ஜெயவேலு.

"மாமல்லபுரத்துல போய் ஆணி அடிப்பீங்களா?"

"அது பழசு சார்!"

"அதுவும் ஒரு காலத்துல புதுசுதான்!"

ஜெயவேலு பக்கத்து மனையில் சொந்த வீடு கட்ட ஆரம்பித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கட்டடத்தை நினைவுச் சின்னமாக அறிவிக்க வேண்டும் என்று தேவானந்தம் சர்க்காருக்கு அனுப்பிய மனுக்கள் முப்பத்தெட்டு. ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது: 'எந்த மன்னர் காலத்துக் கட்டடம் என்பதைத் தெரிவிக்கவும்.'

அவர் மனைவி தபீதாள் டீச்சரிடமிருந்து வந்த மனு ஒன்றே ஒன்று. ஜாலிக்கு மேலே ஒரு சன்ஷேட். ஐப்பசி பிறந்தால் சாரல் ஜாலி வழியாக நேரே அடுப்பில் விழும், ஸ்டவ் அணையும், நனைந்து நனைந்து அந்த அம்மாளுக்கு வருஷா வருஷம் மார்ச்சளி. ஒரு சாக்காவது கட்டலாம் என்றால் அதற்கும் ஆணி வேண்டுமே! தேவானந்தம் கல்நெஞ்சர் அல்ல. சமையல் முடியும்வரை பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு நிற்பார். ஸ்டவ்வுக்கு.

முப்பத்தொன்பதாவது மனுவோடு ஒரு சான்றிதழும் வைத்தால் நல்லது என்று, 1972 ஐப்பசியில், கட்டடத்துக்குப் பிளான் போட்ட தோத்தாத்ரியைத் திருநீர்மலையில் தேடிப்பிடித்து அழைத்து வந்தார்.

"இந்தச் சுவரைப் பத்தி நீங்க நாலு வரி எழுதணும் சார்."

தோத்தாத்ரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"சன்ஷேட் எங்கே?"

"இல்லையே! அதுதானே அழகு!"

"என்ன அழகு? நான் ஒவ்வொரு ஜாலிக்கும் வரைஞ்சிருந்தேனே! சிமென்ட் பர்மிட் கிடைக்கலைன்னு காண்ட்ராக்டர் விட்டுட்டான் போலிருக்கு, கடன்காரன்!"

கீழே காபி கொண்டுவந்த தபீதாள் காதில் இது விழுந்தது. தேவானந்தம் அரை நிமிஷம்தான் தடுமாறினார்.

"அப்படின்னா இது சிமென்ட் பஞ்சத்தோட சின்னம் சார்! இதைத்தான் முதல்ல காப்பாத்தணும்!"

தபீதாள் காபியைக் கொடுத்துவிட்டு மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "ஜெயவேலு, உங்க கொத்தனாரைக் கொஞ்சம் மேல அனுப்புங்க."

தேவானந்தம் கைகளை விரித்துச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றார். "என்னைத் தாண்டித்தான் வரணும்!"

"பதினஞ்சு வருஷமா நனையறேன். எனக்காக எத்தனை மனு போட்டீங்க?"

கை தானாகக் கீழே இறங்கியது. நாலே நாளில் சன்ஷேட் எழும்பியது. அந்த மழைக்காலத்தில் தபீதாள் இருமவில்லை.

தேவானந்தம் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? மறு மாதமே, அந்தச் சன்ஷேட்டில் ஜெயவேலு ரேடியோ ஏரியல் கம்பி கட்டப் போனபோது பாய்ந்து வந்தார்: "கையை எடுங்க! அது ஒரிஜினல் பிளான்!"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் பல வருஷமாக ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறாரே, அது என்னவென்று ஞாபகம் இருக்கிறதா?