பேரொளியார் எழுந்து நின்ற ஆட்டம்

கடல் வரைபடத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் மறைந்துபோகும், அவ்வளவு சின்னத் தீவு வெள்ளைப்பாத்தி. நாலாயிரம் சனம், நானூறு உப்புப் பாத்தி, ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. ஆனாலும் அது ஒரு நாடு. கொடி இருந்தது, கீதம் இருந்தது, பேரொளியார் என்று ஒரு தலைவரும் இருந்தார். ஒரு நாட்டுக்கு வேறென்ன வேண்டும்?

அந்த நாட்டின் முதல் சட்டம் எல்லாச் சுவரிலும் எழுதியிருந்தது: 'பேரொளியார் எழுந்து நிற்பதைக் கண்ட குடிமக்கள், அவர் அமரும்வரை, கண்ட நிலையிலேயே அசையாது நிற்கக் கடவர்.' கஞ்சி குடித்துக்கொண்டிருந்தால் வாயில் கஞ்சியோடு நிற்க வேண்டும். அவருடைய படத்துக்கும் இது பொருந்தும் என்று நீதிமன்றம் பிறகு விளக்கியது.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அங்கே தேர்தலும் நடக்கும். ஓட்டுச் சீட்டின் முக்கால் பங்குக்குப் பேரொளியாரின் படம். நிற்கிற படம். வெளிநாட்டார் குறை சொல்லக்கூடாது என்பதற்காக, எதிர்த்து நிற்க ஓர் உப்புத் தொழிலாளியை அரசாங்கமே குலுக்கிப் போட்டு எடுத்து, அவர் பெயரை எறும்பு அளவு எழுத்தில் சீட்டின் அடியில் அச்சடிக்கும். படத்தைக் கண்ட குடிமகன் அசையாமல் நிற்பான். நேரமானதும் காவலர் அவனை வெளியே தூக்கி வைப்பார்கள். முத்திரை விழாத சீட்டெல்லாம் பேரொளியாருக்கே என்று விதி.

போன தேர்தலில் குலுக்கலில் வந்தவள் ரெஜினாள். அவளுக்கு விழுந்த ஓட்டு, பூஜ்யம். அன்றிலிருந்து அவள் புருசன் முடியப்பனுக்கு வீட்டில் நிம்மதி இல்லை.

"கட்டின புருசன் நீரு. நீரு கூடப் போடலியே, வே!"

"படத்துல நிக்கிறாருடி. கை எப்படி அசையும்?"

"சோத்துல மட்டும் நல்லா அசையுதே!"

முடியப்பன் பகலெல்லாம் உப்பு வாருவான். சாயங்காலம் நாட்டின் கால்பந்து அணிக்குக் கோல் காப்பான். நாற்பது வயதில் முட்டி இரண்டும் தேய்ந்த ஆள் கோல் காக்கிறான் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் பாத்தியில் வேலை செய்கிறவர்கள்தான்.

அந்த வருடம் உலகப் பந்துச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியின் முதல் சுற்றில் வெள்ளைப்பாத்தியும் ஆடலாம். பெரிய நாடுகள் மூன்றாம் சுற்றில்தான் வந்து சேரும். அதுவரை அந்தக் கடலில் சிதறிக் கிடக்கும் பொடித் தீவுகள் தங்களுக்குள் அடித்துக்கொள்ள வேண்டும். வெள்ளைப்பாத்திக்கு எதிராக விழுந்தது நண்டுத்தீவு. அங்கே ஓர் ஆட்டம், இங்கே ஓர் ஆட்டம்.

கடிதத்தைப் படித்த பேரொளியார், புல்தரை வேண்டும் என்றார். உப்பு மண்ணில் புல் ஏது? கப்பலில் புல் வந்தது. புல்லுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். கால்பந்துக்கென்றே இருந்த பந்தமைச்சர் கிணற்றைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"புல் குடிக்கும் ஒவ்வொரு துளியும் நாட்டின் புகழ் குடிக்கும் துளி," என்று அவர் அறிவித்தார். "குடிமக்கள் பனியை நக்கிக்கொள்ளலாம். தடையில்லை."

குடத்துக்கு ஒரு செம்பு என்று அளந்து ஊற்றினார்கள். பிறகு அரைச் செம்பு. ரெஜினாளின் குடம் வரிசையில் மூன்று நாள் நின்று வெறுமனே திரும்பியது. சனம் முணுமுணுக்கவும் அமைச்சர் ஒரு வாக்குக் கொடுத்தார்: "இரண்டாம் சுற்று முழுவதும் வெளிநாட்டில். ஆகவே முதல் சுற்றில் வென்றால் புல் தேவையில்லை, கிணறு உங்களுக்கே. தோற்றால், அடுத்த போட்டி நான்கு ஆண்டு கழித்து. அதுவரை புல்லைக் காப்பாற்ற வேண்டுமல்லவா?"

நண்டுத்தீவில் நடந்த ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்தது. பேரொளியாருக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது என்பதால் அவர் போகவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை.

இங்கே ஆட்டம் நடந்த அன்று தீவில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. பெண்கள் தண்ணீர் வரிசையிலிருந்து வெறுங்குடத்தோடு நேரே மைதானத்துக்கு வந்து, முடியப்பன் காக்கும் கோலுக்குப் பின்னால் இடம் பிடித்தார்கள். நண்டுத்தீவு அணியில் நாலு டாக்ஸி ஓட்டுநர், மூன்று ஓட்டல் சமையல்காரர், நடுவில் ஒரு பல் டாக்டர். பெரிய ஆட்களாகத் தெரியவில்லை. நடுக்கோட்டுக்கு நேரே, மைதானத்தில் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற உயரத்தில், பேரொளியாரின் ஆசனம்.

ஐந்தாவது நிமிடம். வெள்ளைப்பாத்தி அணியின் குரூஸ் பந்தோடு பாய்ந்தான். ஒருவனைத் தாண்டினான், பல் டாக்டரையும் தாண்டினான். எதிரே கோல்காரன் மட்டும்தான். "அடில, குரூசு!" என்று ஊரே கத்தியது. ஆர்வம் தாங்காமல் பேரொளியார் எழுந்தார்.

சட்டம் சட்டம்தான். குரூஸ் தூக்கிய காலோடு நின்றான். ஊர் திறந்த வாயோடு நின்றது. மூக்கைச் சொறியக் கையை எடுத்த முடியப்பன், விரல் மூக்கைத் தொடுவதற்கு ஒரு சாண் முன்னால் நின்றான்.

நண்டுத்தீவுக்காரர்கள் குடிமக்கள் அல்லவே. முதலில் பயந்தார்கள். பிறகு ஒரு டாக்ஸி ஓட்டுநர் குரூஸின் காலடியிலிருந்து பந்தை மெதுவாக எடுத்துக்கொண்டு, நிற்கிற ஆட்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டி வந்து, முடியப்பனிடம் தலையசைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கோலுக்குள் தட்டினார். பேரொளியார் வெறுத்துப்போய் உட்கார்ந்தார். முடியப்பன் மூக்கைச் சொறிந்தான்.

இடைவேளைக்குள் இன்னும் இரண்டு முறை அவர் எழுந்தார். ஒருமுறை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னொருமுறை அடித்த சமையல்காரர் சிரிப்பு தாங்காமல் வெளியே அடித்துவிட்டார். கணக்கு ஒன்றுக்குப் பூஜ்யத்தோடு நின்றது அதிர்ஷ்டம்.

கொட்டகைக்குள் பந்தமைச்சர் வந்தார். "பேரொளியார் மனம் நொந்திருக்கிறார். மரம்போல் நிற்கிறீர்களாமே?"

"ஐயா," என்றான் குரூஸ், "அவுக எந்திரிச்சா நாங்க என்ன செய்ய? கொஞ்சம் உக்காந்து பாக்கச் சொல்லுங்கய்யா."

"அமரச் சொல்வதா! அவர் எழுவது நாட்டுப்பற்று. நீங்கள் நிற்பது சோம்பல். ஆய்வு செய்துவிட்டோம். காலணியின் கனமே காரணம். இரண்டாம் பாதியில் வெறுங்கால். இடைவேளைத் தண்ணீரும் ரத்து." முத்திரை குத்திய தாளை நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

"போச்சுல. நாலு வருசம் பனியத்தான் நக்கணும்," என்றான் குரூஸ்.

முடியப்பன் சுவரில் எழுதியிருந்த சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்து அவனுக்கு முப்பத்தைந்து வயதில் வந்தது, ரெஜினாள் சொல்லிக்கொடுத்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுத்தான் படிப்பான். வேகமாகப் படிக்கிறவர்கள் தாண்டிப் போகிற இடத்தில் அவன் விரல் நின்றது.

"ஏல, இங்க பாரு. 'கண்ட குடிமக்கள்'னு போட்டிருக்கான். காணாதவனுக்குச் சட்டம் இல்லியே?"

"கண்ணக் கட்டிட்டு எப்படி ஆட முடியும், முடியண்ணே?"

"கண்ண ஏன் கட்டணும்? பாத்தியில எப்படி வேலை செய்யுறோம்?"

எல்லோரும் நிமிர்ந்தார்கள். உச்சி வெயிலில் உப்பு கண்ணைக் குத்தும். பாத்தியில் யாரும் நிமிர மாட்டார்கள். தலைத்துண்டை நெற்றி மறைய இழுத்துவிட்டு, குனிந்த தலையோடு, பக்கத்தில் நிற்பவனைக் காலை வைத்தே அடையாளம் கண்டுதான் இருபது வருடமாக வாருகிறார்கள்.

"சுண்டுவிரல் இல்லாத காலு குரூசு," என்றான் முடியப்பன். "பூட்ஸ் போட்ட காலெல்லாம் நண்டு. அமைச்சர் நல்லாருக்கட்டும்."

"கோலு எங்கன்னு எப்படித் தெரியும்?"

முடியப்பன் கோட்டோரமாக ஓடிப்போய் ரெஜினாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தான்.

இரண்டாம் பாதி தொடங்கியது; பக்கம் மாறியதில் பெண்களுக்கு முன்னால் இருந்தது இப்போது நண்டுத்தீவின் கோல். பதினொரு பேரும் தலையில் துண்டைக் கட்டி, நெற்றி மறைய இழுத்துவிட்டுக் குனிந்தார்கள். பந்து தரையை விட்டு எழவே இல்லை. வெறுங்காலிலிருந்து வெறுங்காலுக்கு, வெறுங்காலிலிருந்து வெறுங்காலுக்கு! பூட்ஸ் குறுக்கே வந்தால் பந்து வரப்பைச் சுற்றுகிற தண்ணீர் மாதிரி சுற்றிப் போனது. பேரொளியார் எழுந்தார். ஊர் உறைந்தது. அணி உறையவில்லை!

அந்த மௌனத்தில் ஒரு சத்தம் கேட்டது. டங். டங். டங். கோலுக்குப் பின்னால் ரெஜினாள் தரையைப் பார்த்துக் குனிந்தபடி வெறுங்குடத்தைக் கல்லில் தட்டிக்கொண்டிருந்தாள். குரூஸ் சத்தத்தைப் பார்த்து உதைத்தான். பந்து வலைக்குள் போய் விழுந்தது.

இவளும் காணவில்லை, இவளும் அசைகிறாள் என்பது மற்றப் பெண்களுக்குப் புரிந்தது. பேரொளியார் கண்ணைத் துடைக்க ஒரு கணம் உட்கார்ந்தாரோ இல்லையோ, அவர் மறுபடி எழுவதற்குள் மைதானம் முழுக்கத் தலை கவிழ்ந்தது. நூறு குடம், இருநூறு குடம்! தரையைப் பார்த்துக்கொண்டே ஊர் தொண்டை கிழியக் கத்தியது. "வருதுல, வருதுல!" யாரும் எதையும் பார்க்கவில்லை, எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தது. பல் டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

கடைசி நிமிடம். டாக்ஸி ஓட்டுநரின் பூட்ஸ் தன்னை நோக்கி வருவதை முடியப்பன் பார்த்தான். வலது முனை கொஞ்சம் உள்ளே திரும்பியது. தேய்ந்த முட்டியை மறந்து இடது பக்கம் விழுந்தான். பந்து நெஞ்சில் வந்து இடித்தது. அப்படியே எழுந்து குடச் சத்தத்தைப் பார்த்து ஓங்கி உதைத்தான். வாங்கியது சுண்டுவிரல் இல்லாத கால். அப்புறம் வலை. இரண்டுக்கு ஒன்று! நடுவர் ஊதினார்.

மைதானத்தில் வெள்ளைப்பாத்திக்காரர்களில் நிமிர்ந்திருந்த தலை ஒன்றே ஒன்றுதான். சுற்றிலும் நாலாயிரம் தலை குனிந்திருப்பதைக் கண்ட பேரொளியார் உருகிப்போனார்.

"இத்தனை பக்தியா, அமைச்சரே!"

"தங்கள் ஒளியை நேரே காணக் கூசுகிறார்கள்," என்றார் அமைச்சர்.

மறுநாள் இரண்டு ஆணைகள் வந்தன. ஒன்று: பேரொளியாரின் முன்னும் அவர் படத்தின் முன்னும் இனி யாவரும் குனிந்த தலையோடே இருக்கக் கடவர். இரண்டு: இரண்டாம் சுற்றுக்குப் பயிற்சி கடுமையாக வேண்டும். ஆகவே புல்லுக்கு இரட்டைத் தண்ணீர். கிணறு, உலகக் கோப்பை கைக்கு வந்த பிறகு திறக்கப்படும்.

"அதுக்கும் குடத்த வச்சு வரிசையில நிக்கவா?" என்று கேட்டாள் ரெஜினாள்.

அடுத்த மாதம் தேர்தல். போன தடவை ஒரு ஓட்டும் வாங்காதவள் என்பதால், குலுக்கும் சிரமம்கூட எதற்கு என்று ரெஜினாள் பெயரையே மறுபடி அச்சடித்திருந்தார்கள்.

முடியப்பன் ஓட்டுச் சாவடிக்குள் ஆணைப்படி குனிந்த தலையோடு போனான். சீட்டை விரித்தான். குனிந்த தலைக்குச் சீட்டின் அடிப்பகுதி மட்டும் தெரிந்தது. அங்கே எறும்பு அளவில் ஏதோ எழுதியிருந்தது. விரலை வைத்து எழுத்தெழுத்தாகத் தொட்டான். ரெ. ஜி. னா. ள்.

கை அசைந்தது.

மைப் பெட்டி முப்பது வருடமாக யாரும் தொடாமல் காய்ந்து கிடந்தது. முடியப்பன் வறண்ட வாயில் இருந்த எச்சிலையெல்லாம் கூட்டி அதை நனைத்து, முத்திரையை ஓங்கிக் குத்தினான். டங் என்று மேசை அதிர்ந்தது.

அந்த அறையில் அப்படி ஒரு சத்தத்தை அதுவரை கேட்டிராத அதிகாரி, திடுக்கிட்டு எழுந்தார்.

"யாரய்யா அது? என்ன சத்தம்?"

வெளியே வரிசையில், குனிந்த தலையோடு, நாலாயிரம் பேரும் அந்தச் சத்தத்தை நோக்கி ஓர் அடி முன்னால் நகர்ந்தார்கள்.